கல்லுக்கு முன் சொன்ன ஓம்

02.06.2025, திங்கள்

இன்று ஒரு சிறு பிழை விட்டேன். அண்ணையின் விண்ணப்பப் படிவத்தில் பதினேழாம் கேள்வி: "போட்டியாளருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையா?" 'இல்லை' என்ற பெட்டிக்குள் சரி போட்டேன். உண்மையில் தேவை. ஆனால் தேவை என்றால் சர்வதேசப் பலசாலிகள் சம்மேளனம் அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் சான்றிதழை இணைக்க வேண்டும் என்று கீழே சிறிய எழுத்தில் இருந்தது. அதற்கான பரீட்சை நான்கு வருடத்துக்கு ஒருமுறை தலைமையகத்தில் நடக்கிறது. தலைமையகம் பனி பெய்கிற ஒரு நாட்டில். நான் சாவகச்சேரியில் மாலை வகுப்பில் மொழிபெயர்ப்பு டிப்ளோமா படிக்கிறேன். இரண்டாம் அரையாண்டு. அந்தக் கட்டத்துக்குள் இதை எழுத வெட்கமாக இருந்தது.

படிவத்தை அனுப்ப முன் அண்ணையிடம் கேட்டேன்.

"அண்ணை, நடுவர் இங்கிலீசிலை 'றெடியோ' எண்டு கேப்பார். விளங்கும்தானே?"

"ஓம்."

"வேறை ஒண்டும் கேக்கமாட்டினம். காணும்தானே?"

"ஓம்."

அண்ணை எது கேட்டாலும் அதைத்தான் சொல்வார். பெயர் சிவதர்ஷன், வயது முப்பத்துநான்கு. கொடிகாமம் சந்தையில் பதினாறு வருடமாக நாட்டாமை. லொறியில் வருகிற மூட்டையை முதுகில் வாங்கி இறக்குகிற வேலை. மாசி மாதம் வைத்தியர் அவருடைய முதுகெலும்புப் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, மூட்டை வேலையை இந்த வருடத்தோடு விட்டுவிடச் சொன்னார். விட்டால் செய்வதற்கு ஒரே ஒரு வேலை கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு விளையாட்டு அலுவலகத்தில் பாரம் தூக்கப் பழக்கும் பயிற்றுநர் இடம் ஒன்று காலியாக இருக்கிறது. கேட்கிற தகைமை: சர்வதேச சம்மேளனம் ஒன்றின் பெறுபேற்று அட்டை. முடிவுத் திகதி ஜூன் 30.

ஆகவே அண்ணை செய்ய வேண்டியது, சம்மேளனத்தின் போட்டியில் ஒரு கல்லை ஒருதரம் தூக்கி அந்த அட்டையை வாங்குவது. அவ்வளவுதான். பிறகு வாழ்நாள் முழுக்க மற்றவர்களைத் தூக்கச் சொல்லலாம்.

நாட்டாமைகள் சங்கத் தலைவர் தம்பிராசா மாமா சந்தையில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "இனி என்ன, தம்பி விசிலை வாயிலை வைச்சுக்கொண்டு நிழலிலை நிப்பார். வெங்காய மூட்டை தானாய் நடந்து வந்து இறங்கும்."

அண்ணை சிரித்தார். நான் படிவத்தை அனுப்பிவிட்டேன். பதினேழாம் கேள்வி மனதில் கிடந்து உறுத்துகிறது. சிறிய விடயம்தான் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன்.

14.06.2025, சனி

போட்டி இன்று கொடிகாமத்துக்கு அருகிலுள்ள விளையாட்டு மைதானத்தில் நடந்தது. நடந்தவற்றை ஒழுங்குப்படி எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்குக் கல் வந்தது. எங்கள் ஊர்க் கற்களைச் சம்மேளனம் ஏற்பதில்லை. அவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. இது தலைமையகத்தில் இருந்து விமானத்தில் வந்த கல். நூற்று ஐம்பத்திரண்டு கிலோ. கடவுச்சீட்டு உண்டு, அதில் கல்லின் படமும் உண்டு. பெயர் 'ஒருமைப்பாடு'.

அனுமதி அட்டை இல்லாத வாகனம் மைதானத்துக்குள் வரக்கூடாது என்பதால் லொறியை வாசலில் மறித்துவிட்டார்கள். கல்லை மேடைக்குக் கொண்டுபோக ஆள் இல்லை. தேசியச் செயலாளர் திரு. கிறிஸ்ரோபர் சுற்றிவரப் பார்த்தார். அவருடைய கோட்டில் பதினொரு பதக்கச் சின்னங்கள்; எல்லாம் கூட்டங்களில் கலந்துகொண்டதற்காகக் கொடுத்தவை.

"சிவதர்ஷன், நீர் ஒருக்கால் இதைக் கொண்டுபோய் அங்கை வைப்பீரோ?"

"ஓம்."

அண்ணை கல்லைத் தோளில் வாங்கி எழுபத்துமூன்று அடி நடந்து மேடையில் வைத்தார். அடிகளை நான் எண்ணினேன். வெளிநாட்டில் இருந்து வந்த தொழில்நுட்பப் பேராளர் பக்கத்திலேயே நின்று, கல்லில் கீறல் விழுகிறதா என்று பார்த்தபடி வந்தார். இதைக் கணக்கில் எடுக்க முடியாதா என்று அவரிடம் கேட்டேன்.

"அது போட்டியல்ல. அது போக்குவரத்து," என்றார்.

பிறகு பேராளர் தொடக்கவுரை ஆற்றினார். வகுப்புக் குறிப்பேட்டில் எழுதிவந்து மொழிபெயர்த்தேன்: "பலம் உலகில் எங்கும் கிடைக்கிறது. மிகவும் மலிவாகக் கிடைக்கிறது. உங்கள் சந்தைக்குப் போனேன். அங்கே தெருவிலேயே கிடக்கிறது. அரிதானது சான்றிதழ். அரிதானதைக் காப்பதே எங்கள் கடமை. எங்களுக்கு முன்பும் மனிதர் பாரம் தூக்கினார்கள். ஆனால் அது நடந்ததாகச் சொல்ல முடியாது."

விதி பன்னிரண்டைப் பற்றி மட்டும் கால் மணித்தியாலம் பேசினார். முன்பெல்லாம் நடுவர் "றெடி?" என்று கேட்டால் எல்லா நாட்டவரும் "யெஸ்" என்றுதான் பதில் சொல்ல வேண்டுமாம். அந்த அநீதியைப் பதினொரு வருடம், ஆறு கடற்கரை நகரங்களில் கூட்டம் போட்டு ஒழித்தார்களாம். இப்போது ஒவ்வொருவரும் தன் தாய்மொழியிலேயே உடன்பாட்டைத் தெரிவிக்க வேண்டும். நாங்கள் கை தட்டினோம். எனக்கு நெஞ்சு நிறைந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் அண்ணையைக் கூப்பிட்டார்கள்.

"றெடி?"

"ஓம்."

கல் நெஞ்சுக்கு வந்து தோளுக்குப் போனது. தூக்கியது சரி என்று மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தன. தம்பிராசா மாமா விசிலடித்தார். பேராளர் புத்தகத்தைப் புரட்டினார், அண்ணையைப் பார்த்தார், சிவப்பு அட்டையைத் தூக்கினார்.

விதி நாற்பத்தொன்று: மேடையில் மந்திரம், செபம், தெய்வ வேண்டுதல் எதுவும் கூடாது.

"கல் நடுநிலையானது," என்றார் பேராளர். "அதன் முன்னால் எந்தத் தெய்வத்துக்கும் முன்னுரிமை இல்லை."

நான் எழுந்து ஓடினேன். எங்கள் ஊரில் அது வெறும் 'யெஸ்' தான் என்று சொன்னேன். ஆங்கிலம் எனக்குப் பிழையில்லாமல் வந்தது. அது ஒன்றுதான் இன்றைய நன்மை.

"நீங்கள் யார்?"

"தங்கை. மொழிபெயர்ப்புப் படிக்கிறேன்."

பேராளர் படிவத்தை எடுத்தார். விரல் பதினேழாம் கேள்வியில் நின்றது. "இவருக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை என்று இருக்கிறது. தேவையில்லாத ஒன்றை மேடையருகே வழங்குவது இடையூறு. அமருங்கள்."

இரண்டாம் முயற்சி. "றெடி?" "ஓம்." கல் தோளில். சிவப்பு அட்டை.

மூன்றாம் முயற்சிக்கு முன் கிறிஸ்ரோபர் அண்ணையின் காதுக்குள் போய்ச் சொன்னார்: "சிவதர்ஷன், இந்தமுறை ஓம் எண்டு சொல்லாதையும். விளங்குதோ?"

"ஓம், ஐயா."

பேராளருக்குக் காது கூர்மை. கல்லைத் தொட முன்னமே மூன்றாம் அட்டை எழுந்துவிட்டது. அண்ணைக்குப் பின்னால் எழுந்ததால் அவர் காணவில்லை. மூன்றாம் தரமும் தூக்கினார். இறக்கும்போது முகம் ஒருமாதிரிப் போனது. மேடையோரம் இருந்த, கல் வந்த பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார்.

மற்றவர்களில் பருத்தித்துறை ஜெயதீபன் கல்லை முழங்கால் வரை கொண்டுவந்தார். நடுவர் கேட்ட நேரம் அவருக்குப் புரைக்கேறி இருமல் வந்துவிட்டது. அந்த இருமலைத் தாய்மொழி உடன்பாடாகப் பதிந்தார்கள். முதலிடமும் அட்டையும் அவருக்கு. அவருக்கு அட்டை தேவையில்லை. இரண்டு வள்ளம் வைத்திருக்கிறார்.

அண்ணையின் பெறுபேற்றுத் தாளில் இப்படி இருக்கிறது. தூக்கிய தடவை: 0. தூக்கிய நிறை: 0. மந்திரம்: 3.

15.06.2025, ஞாயிறு

காலையில் அண்ணையால் பாயை விட்டு எழும்ப முடியவில்லை. பருத்தித்துறை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"இஞ்சை நோகுதோ?" என்றார் வைத்தியர்.

"ஓம்."

"இடக் கால் விறைக்குதோ?"

"ஓம்."

ஒவ்வொரு தரமும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரும் சிவப்பு அட்டை காட்டவில்லை. வைத்தியர் சொன்னது: இனிப் பாரம் தூக்கினால் அந்தக் காலில் உணர்வு போய்விடலாம். போகாமலும் இருக்கலாம். எந்தத் தரம் போகும் என்று அவரால் சொல்ல முடியாது. இரண்டு கிழமை ஓய்வு.

வீட்டுக்கு வந்தால் மின்னஞ்சல் கிடக்கிறது. மூன்று மந்திரங்களுக்காக அண்ணைக்கு வாழ்நாள் தடை. ஏழு நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம்.

17.06.2025, செவ்வாய்

அண்ணை இன்று சந்தைக்குப் போய்விட்டார். இரண்டு கிழமை ஓய்வு இரண்டே நாளில் முடிந்தது. "எல்லாப் பக்கமும் லொறி நிக்குது. நான் படுத்துக் கிடந்தா ஆர் இறக்குறது?" என்றார்.

மேன்முறையீட்டுப் படிவத்தில் நாற்பத்தாறு கேள்விகள். ஒன்பதாம் கேள்வி: சம்பந்தப்பட்ட தெய்வத்தின் பெயர். பத்து: தெய்வத்தின் நிரந்தர முகவரி. பதினொன்று: தெய்வத்தின் சார்பில் கையொப்பமிட அதிகாரமுள்ளவர். மூன்றையும் வெறுமையாக விட்டேன். இணையத்தளம் ஏற்கவில்லை. கிறிஸ்ரோபருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஆரபி, வெறுமையா விட்டா அவைக்கு மனவருத்தம். ஏதாவது ஒண்டைப் போடும்."

"போட்டா மந்திரம் எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி எல்லோ, ஐயா?"

"போடாட்டி ஒத்துழைக்கேல்லை எண்டு ஆகும். ரெண்டிலை எது திறமெண்டு நீர் யோசியும். நான் தேசியச் செயலாளர், எனக்குச் சொந்த அபிப்பிராயம் இருக்கக்கூடாது."

கடைசியில் பிள்ளையார் கோயில் ஐயரிடம் போனேன்.

"ஐயா, அண்ணை சொன்னது மந்திரமில்லை எண்டு ஒரு கடிதம் தருவியளோ?"

"ஓம், அதுக்கென்ன, தாறன்." எழுதிக்கொண்டே கேட்டார்: "பிள்ளை, உவையள் எந்த ஊர்? நான் முப்பது வரியமாய் நாள் முழுக்க ஓம் ஓம் எண்டு சொல்லுறன், ஒரு சாக்கு அரிசி அசையேல்லை. இவன் ஒருக்கால் சொல்லிக் கல்லைக் கிளப்பிப்போட்டான் எண்டு நம்பினமோ? என்னைவிட அவைக்கெல்லோ பக்தி கூட."

இதைக் கடிதத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. மூன்று கேள்விக்கும் 'கடிதம் பார்க்கவும்' என்று போட்டு அனுப்பினேன்.

19.06.2025, வியாழன்

சம்மேளனத்தின் பதில்: "சமயத் தொடர்பு இல்லாத ஒருவருக்குச் சமய குரு கடிதம் தர மாட்டார். கடிதம் தொடர்பை நிரூபிக்கிறது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

கிறிஸ்ரோபர் வேறு வழி சொன்னார்: அண்ணையின் தாய்மொழிச் சொல்லைத் திருத்தும்படி விண்ணப்பிக்கலாம். மத்தியானம் முழுக்க இருவரும் சொல் தேடினோம். 'ஆம்' என்றால், பேராளரின் காதுக்கு அது பாதியில் நின்ற 'ஆமென்' போலக் கேட்குமாம். 'ஆமா' இந்தியாவுக்குரியது, அதைப் பாவிப்பதானால் நாடு மாறவேண்டும், நாடு மாறினால் இரண்டு வருடம் போட்டியில் இறங்க முடியாது. 'சரி' என்பது நடுவரின் கேள்வி சரியானது என்று புள்ளி போடுவதாகிவிடும். நடுவரை மதிப்பிடப் போட்டியாளருக்கு உரிமையில்லை.

எனவே அறிவியல் முறையில் போவது என்று தீர்மானித்தேன். பின்னேரம் ஒலிப்பதிவுக் கருவியோடு சந்தைக்குப் போய், சாதாரண மக்கள் சாதாரணமாக ஓம் என்று சொல்வதைப் பதிந்து அட்டவணை போட்டேன். நேரம், கேள்வி, பதில், பொருள்.

கொழும்புத்துறை றோய் அண்ணை மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டியோடு நின்றார். கழுத்தில் சிலுவை. அவர் சாட்சி சொன்னால் மறுபேச்சே இருக்காது என்று நினைத்தேன்.

"உடன் மீனோ?"

"ஓம் பிள்ளை, இன்னும் கண்ணை வெட்டுது, பாரும்."

"நீங்கள் வேதக்காரர்தானே?"

"ஓம். ஏன், மீனிலை தெரியுதோ?"

தம்பிராசா மாமா கருவியைத் தன் பக்கம் இழுத்தார். "எனக்கும் கேள் பிள்ளை. 'தம்பிராசா, உங்கை மூண்டு தரம் தூக்கின கல்லைத் தூக்கேல்லை எண்டு எழுதினவங்களுக்கு மூளை இருக்கோ?' எண்டு கேள். அதுக்கு ஓம் சொல்லமாட்டன்."

அவருடையதை அட்டவணையில் சேர்க்கவில்லை. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு ஓம். இரவே சம்மேளனத்துக்கு அனுப்பிவிட்டேன். மாலை வகுப்புக்கு இன்றுதான் முதல்தடவையாகப் போகவில்லை.

23.06.2025, திங்கள்

பதில் வந்தது. நூற்றுப் பன்னிரண்டு பேர் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒரே மந்திரத்தைச் சொல்வதைத் தொழில்நுட்பப் பிரிவு கேட்டு அதிர்ச்சியடைந்ததாம். அது ஒழுங்கமைக்கப்பட்ட கூட்டுச் செபம். மீன் விற்றவர் வேறு சமயத்தவர் என்பதால் அது பல்சமயக் கூட்டுச் செபம். அதற்குத் தனி அனுமதி எடுத்திருக்க வேண்டும். ஆகவே எங்கள் தென்மராட்சிப் பிரதேசம் முழுவதிலும் இரண்டு வருடத்துக்குச் சம்மேளனப் போட்டி எதுவும் நடக்காது. அண்ணையின் விசாரணை மட்டும் வியாழனன்று காணொளியில் நடக்கும்.

ஒருவரைக் காப்பாற்றப் போய் ஒரு பிரதேசத்தையே தடைசெய்வித்துவிட்டேன். அட்டவணையில் எங்கே பிழை என்று மூன்று தரம் பார்த்தேன். அட்டவணையில் பிழையில்லை.

விசாரணையில் அந்தச் சொல் வாயில் வந்தால் முடிந்தது. ஐயரின் கடிதம் கைகொடுக்காத அன்றில் இருந்தே, நாலு நாளாக, அண்ணையைப் பழக்குகிறேன். நான் கேள்வி கேட்பேன்; அவர் வாயை மூடிக்கொண்டு ஐந்து வரை எண்ண வேண்டும். முதல் நாள் நாற்பது கேள்விக்கு நாற்பது தரமும் சொல்லிவிட்டார். நேற்று ஆறு தரம். இன்று ஒருதரமும் இல்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா கேட்டா: "இன்னும் ரெண்டு அகப்பை சோறு போடவோ?"

அண்ணை பேசாமல் இருந்தார். அம்மா கொஞ்சம் பார்த்துவிட்டுச் சட்டியை மூடினா. பிறகு குசினிக்குள் வந்து என்னிடம் கேட்டா, "உவனுக்கு என்னிலை என்ன கோவம்?"

26.06.2025, வியாழன்

விசாரணை பின்னேரம் இரண்டரைக்கு. லொறிச் சொந்தக்காரர் சங்க அறையில் கிறிஸ்ரோபரின் மடிக்கணினி. அண்ணை கதிரையில் இருக்க முடியாமல் சுவரைப் பிடித்தபடி நின்றார். அது மரியாதைக்காக என்று எடுத்துக்கொண்டு தலைவர் தலையசைத்தார்.

சம்மேளனத் தலைவர் இருபத்துநான்கு வருடமாக அந்தப் பதவியில் இருக்கிறார். பக்கத்தில் ஒருவர் அவருடைய தண்ணீர்க் குவளையைத் தூக்கிக் கொடுக்கவென்றே நின்றார். தலைவர் முதலில் பேசினார். இதையும் மொழிபெயர்த்து வைத்திருக்கிறேன்.

"நான் இதுவரை எதையும் தூக்கியதில்லை. அதனால்தான் நான் பக்கச்சார்பற்றவன். தூக்கியவர்கள் தலைமைக்கு வந்தால் தூக்குபவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். எங்கள் யாப்பு அந்த ஆபத்தை ஆரம்பத்திலேயே நீக்கிவிட்டது. எங்களுக்கு இந்த வீரர்மீது கோபமில்லை. அவர் கல்லைத் தூக்கினார் என்பதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பார்த்ததைக் கொண்டு முடிவெடுக்க ஆரம்பித்தால் விதிப் புத்தகம் எதற்கு?"

பிறகு அண்ணையைப் பார்த்துக் கேட்டார்: "அந்தச் சொல்லை நீங்கள் சொன்னீர்களா?"

'யெஸ்' என்றால் குற்ற ஒப்புதல். 'நோ' என்றால் பொய்ச் சாட்சி. இந்தக் கேள்வி வரும், இரண்டுக்கும் தடை என்று நேற்றே அண்ணைக்கு விளங்கப்படுத்தியிருந்தேன். வேறு என்ன சொல்லலாம் என்று மட்டும் நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்குத் தெரியாது.

அண்ணை சுவரை விட்டுவிட்டு நேரே நின்றார்.

"ஐயா, தூக்குவியோ எண்டு ஆராவது கேட்டா நான் அப்பிடித்தான் சொல்லுறனான். பதினாறு வரியமாய் அப்பிடித்தான். ஏலாது எண்டு சொல்லுற வேலையில்லை இது. அதுதான் வாயிலை வந்தது. கடவுளைக் கூப்பிடுற அளவுக்கு அந்தக் கல்லு பாரமில்லை."

நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். கிறிஸ்ரோபர் கையைக் காட்டி மறித்தார், பதினேழாம் கேள்வி. தலைவர் முகம் மலர்ந்தார்.

"எவ்வளவு அழகான மொழி. ஒன்றும் விளங்கவில்லை. விளங்கத் தேவையில்லை என்று படிவத்திலும் இருக்கிறது."

அவர்கள் ஒலியை நிறுத்திவிட்டுத் தங்களுக்குள் கதைத்தார்கள். இடையில் ஒருதரம் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு தீர்ப்பு. இது சம்மேளனத்தின் வெள்ளிவிழா ஆண்டாம். வெள்ளிவிழாக் கருணையாக அண்ணை கல்லை இன்னொருதரம் தூக்கலாம். கல்லின் கடவுச்சீட்டு காலாவதியாகிவிட்டதால் அது இன்னும் நாட்டை விட்டுப் போகவில்லை. சனிக்கிழமை காலை, பருத்தித்துறையில். தூக்கினால் அட்டையை அங்கேயே கொடுப்பார்கள். தவறினால் தடை நிலைக்கும்.

நிபந்தனை ஒன்று. மைதானத்துக்குள் கால்வைத்த நேரம் முதல் அண்ணை எந்தச் சத்தமும் செய்யக்கூடாது; தலையாலோ கையாலோ சைகையும் காட்டக்கூடாது. அவர் சார்பில் 'உடன்பாட்டுப் பிரதிநிதி' ஒருவர் ஆங்கிலத்தில் பதில் சொல்வார். பிரதிநிதி இரத்த உறவாக இருக்க வேண்டும். ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். கிறிஸ்ரோபர் என் பெயரை எழுதினார்.

"வீரர் தயாரா இல்லையா என்பது எங்களுக்கு மிக முக்கியம்," என்று தலைவர் முடித்தார். "அதனால்தான் அதை அவரிடமே விட்டுவிட நாங்கள் விரும்பவில்லை."

27.06.2025, வெள்ளி

பிரதிநிதிக்கான பத்திரம் இன்று வந்தது. ஒரே வசனம்: "வீரரின் உடல்நிலை குறித்து நான் திருப்தியடைந்துள்ளேன், அவருக்கு நேர்பவற்றுக்குச் சம்மேளனம் பொறுப்பல்ல." கீழே கையொப்பம். அண்ணை ஒப்பமிடுவதற்கு அதில் இடமில்லை.

பின்னேரம் அண்ணை ஒழுங்கைக்குள் நடந்து வருவதைப் படலையில் நின்று பார்த்தேன். இடக் காலில் செருப்பு இல்லை. பின்னால் பார்த்தால், வளைவுக்குக் கிட்ட, மதகடியில் கிடக்கிறது. சுடுமணலிலும் கல்லிலும் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார், செருப்புக் கழன்றது தெரியாமல்.

"அண்ணை, செருப்பு."

குனிந்து காலைப் பார்த்தார். பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. நான் போய் எடுத்து வந்தேன்.

தேத்தண்ணீர் குடித்து முடித்த பிறகு கேட்டேன். "அண்ணை, நாளைக்கு ஏலுமோ?"

வாய் பாதி திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. நான் பழக்கியபடியே மனதுக்குள் ஐந்து வரை எண்ணினார் என்று நினைக்கிறேன். உதடு இலேசாக அசைந்தது.

"இஞ்சை ஒருத்தரும் இல்லை. என்னட்டைச் சொல்லுங்கோ. தூக்கேலுமோ?"

"நாளைக்கு நீதானே சொல்லப்போறாய்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தேத்தண்ணீர்க் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

கொப்பியில் இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதிப் பார்த்தேன். இடப்பக்கம்: நாளைக்கு ஒரு கல், ஒருதரம், நூற்று ஐம்பத்திரண்டு கிலோ. தூக்கினால் திங்கட்கிழமை விண்ணப்பம் போடலாம். வலப்பக்கம்: தூக்காவிட்டால் மறுநாளும் சந்தை, மூட்டை ஐம்பது கிலோ, ஒரு நாளைக்கு அறுபது, எழுபது மூட்டை, முடியும் திகதி இல்லை. கல்லில் கால் போகலாம், போகாமலும் இருக்கலாம். மூட்டையில் போகும், எப்போது என்றுதான் தெரியாது. இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்க்க முயன்றேன். இரண்டு பக்கமும் ஒரே முதுகு.

வைத்தியர் சொன்னதை அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. தம்பிராசா மாமா நாளைக்கு நாட்டாமைகள் எல்லோரையும் லொறியில் ஏற்றிக்கொண்டு வருகிறாராம். "ஒருத்தரும் ஒண்டும் கத்தக்கூடாது எண்டு சொல்லிப்போட்டன் பிள்ளை. கையை மட்டும் தட்டுவம். கையிலை சமயம் இல்லைத்தானே?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

பத்திரத்தில் கையொப்பமிட்டேன். எழுத்து ஒரு பக்கம் சரிந்துபோனது. இன்னொரு பிரதி எடுத்து மறுபடியும் இட்டேன். அதுவும் சரிந்துதான் இருக்கிறது.

நாளை: காலை 6.10 பருத்தித்துறை பஸ். எடுத்துப் போக வேண்டியவை: இருவரின் அடையாள அட்டை, பிரதிநிதிப் பத்திரம், அண்ணையின் இடுப்புப் பட்டி, தண்ணீர்ப் போத்தல். 8.30க்குப் பதிவு. 9.00 மணிக்கு மேடையில் அண்ணைக்கு இடப்பக்கம் மூன்று அடி தள்ளி, அவர் முகத்தைப் பார்க்காமல் நிற்க வேண்டும். நடுவர் "றெடி?" என்று கேட்பார். ஐந்து விநாடிக்குள் நான் பதில் சொல்ல வேண்டும்.